அடங்கலில் இல்லாத பெயர்

(மகளிர் விவசாயிகள் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

அக்டோபர் 15 கிராமப்புறப் பெண்களுக்கான நாள் என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. நம் நாட்டில் 2017 முதல் அதையே மகளிர் விவசாயிகள் நாளாகவும் கொண்டாடுகிறோம். நல்ல நாள்தான். ஆனால் ராமநாதபுரம் சீமையில் விவசாயம் பார்க்கும் பெண்களை இன்று கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் இது.

அங்கே நடப்பது புழுதி விதைப்பு. நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது நெல்லைத் தூவிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்ற நம்பிக்கைதான் முதல். இப்போது புரட்டாசியிலேயே ஒரு மழை வந்து நெல்லை முளைக்க வைத்துவிடுகிறது. அப்புறம் வாரக்கணக்கில் துளி விழுவதில்லை, முளைத்தது கருகிப்போகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. 2021 ஜனவரியில் நேர்மாறு. பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில், அறுக்க வேண்டிய கதிர் வயலிலேயே சாய்ந்து முளைவிட்டது.

இதற்குப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கையில் இருக்கும் விதையை ஒரேயடியாகக் கொட்டிவிடுவதில்லை. மறுவிதைப்புக்கு என்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் அரிசி தீர்ந்துபோன மாதத்தில், வீட்டில் நெல் இருந்தும் அதைக் குத்தாமல் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அடுப்படியில் நிற்பவருக்குத்தான் தெரியும். அந்த நெல்லை நன்றாகக் காயவைத்து, வேப்பிலையோ நொச்சி இலையோ உலர்த்திப் போட்டு மூடி வைக்கிறார்கள். விதைக்கும் முன் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைக்கிறார்கள். சில நாள் கழித்துப் பிரித்து, முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை என்று எண்ணுகிறார்கள். நூற்றுக்கு எண்பது தேறினால் வழக்கமான அளவு போதும். அறுபதுதான் என்றால் கூடுதலாகத் தூவ வேண்டும். அரசு விதை ஆய்வகத்தில் செய்கிற முளைப்புத்திறன் சோதனையும் அடிப்படையில் இதுதான், அங்கே வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார்கள்.

சித்திரைக்கார், நொறுங்கன் போன்ற பழைய நெல் ரகங்கள் இன்னும் மிச்சமிருப்பதும் இப்படிச் சேமித்த கைகளால்தான். விளைச்சல் குறைவு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மழை ஏமாற்றிய வருஷத்திலும் வீட்டுச் சோற்றுக்காவது தேறும்.

நெல் போன வருஷத்தில் ஆட்டை விற்றுச் சமாளிக்கிறார்கள். ஆடும் கைகொடுக்காவிட்டால் கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை மேடைதோறும் திட்டுகிறோம். வறட்சி வருஷங்களில் அந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அந்த மரத்தை வெட்டிக் கரியாக்கிய கூலியில். புகைக்குள் நின்று செய்கிற அந்த வேலையைக் 'காலநிலைத் தகவமைப்பு' என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் செய்வது அது.

விதை, ஆடு, கூலி எதற்கும் பட்டா தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பயிர்க்கடனும் காப்பீடும் பண்ணைக்குட்டை மானியமும் வேண்டுமென்றால் நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் கொண்டு வா என்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி நிலத்தை நடத்துகிறவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் 100க்கு ஏறத்தாழ 14 பேர். கணவர் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பார். உழவுக்கு ஆள் பேசுவதிலிருந்து களை எடுப்பது வரை மனைவிதான். பயிர் கருகினால் இழப்பீடு ஏறுவது கணவர் கணக்கில். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டது, மத்திய அரசு 2005இல் போட்டது. அப்படியும், அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடுமே என்று பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயில் உள்ள பெண்கள் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தார்கள். நாலு முதல் பத்துப் பேர் வரை குழுவாகச் சேர்ந்து, குத்தகைக்கு நிலம் எடுத்து, குழுவின் பொறுப்பிலேயே வங்கிக் கடன் வாங்குகிறார்கள். சொந்தப் பட்டா இல்லாதவரும் அதில் விவசாயிதான். 2018 வெள்ளம் அவர்களையும் விடவில்லை. ஆனால் கடனை ஒருத்தி தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, இங்கே என்ன செய்யலாம்? நெல்லுக்குக் காப்பீடு கட்டக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அடங்கல் வாங்க கிராம நிர்வாக அலுவலரிடம் போகப்போகிற ஆண்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பாடுபடுகிற நிலத்தில் ஒரு பகுதியையாவது அவர் பெயருக்கு எழுதி வையுங்கள். குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு. எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள், கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள். சட்ட உதவிக்கு வந்திருக்கும் வழக்கறிஞர் சாப்பாட்டு நேரம் வரை இங்கேதான் இருப்பார்.