மேலே எறிந்த பந்தைத் தள்ளுவது யார்?

வணக்கம், மாணவர்களே. ஒரு பந்தை எடுத்து நேராக மேலே எறியுங்கள். கையை விட்டுவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது அதன் மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன?

படம் வரையச் சொன்னால் பலரும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவார்கள். "மேலேதானே போகிறது? அப்படியானால் மேல்நோக்கி விசை இருக்கத்தானே வேண்டும்?" இப்படி நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எறிந்த பொருளைக் காற்றே தொடர்ந்து தள்ளுவதாக அரிஸ்டாட்டில் நினைத்தார். அந்தச் சிக்கல் அவிழ ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆயின.

உண்மையில், பந்து கையை விட்டதுமே கை தந்த விசையும் முடிந்துவிடுகிறது. காற்றின் சிறு தடையை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரே விசை: கீழே இழுக்கும் புவியீர்ப்பு. அப்புறம் ஏன் ஏறுகிறது? கையை விடும்போதே அதற்கு மேல்நோக்கிய திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்) இருந்தது, அதனால்தான். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடி கழித்து வேகம் ஏறத்தாழ 10. இன்னொரு நொடியில் பூஜ்யம். உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போதும் புவியீர்ப்பு ஓய்வதில்லை. திசைவேகம் பூஜ்யம், முடுக்கமோ, அதாவது திசைவேகம் மாறும் வீதமோ, அப்போதும் கீழ்நோக்கி அதே 9.8 (ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 9.8 மீட்டர்). இந்த இடத்தை அவசரமில்லாமல் யோசித்துப் பாருங்கள். இது பிடிபட்டால் பாதிப் பாடம் பிடிபட்ட மாதிரி.

ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்க விசை தேவையில்லை. ஓட்டத்தை மாற்றத்தான் விசை வேண்டும். மேசையில் தள்ளிய புத்தகம் நின்றுவிடுகிறதே என்பீர்கள். சரி, அதை நிறுத்துவது உராய்வு. கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்து, உராய்வே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தார். நியூட்டன் அதை 1687-இல் தம் முதல் விதியாக எழுதினார். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. அதை எந்த எஞ்சினும் தள்ளவில்லை. சூரியனின் ஈர்ப்புகூட அதைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத்தான் இழுக்கிறது.

விசை = நிறை × முடுக்கம் என்பது உங்களுக்கு மனப்பாடமாகவே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். படம் வரையும் பழக்கம் பற்றித்தான் எனக்கு அக்கறை. ஒவ்வோர் அம்புக்குறி போடும்போதும் "இந்த விசையைத் தருவது எது?" என்று கேளுங்கள். பூமி, கை, மேசை, கயிறு என்று ஏதாவது ஒரு பொருளைச் சொல்ல முடியவில்லையா? அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

இப்போது பந்து திரும்பி உள்ளங்கையில் விழும் கணத்தை வரையுங்கள். இங்கே அம்புகள் இரண்டு. பூமி கீழே இழுக்கிறது, கை மேலே தள்ளுகிறது. பந்து நிற்க வேண்டுமானால் மேல்நோக்கிய அம்புதான் நீளமாக இருக்க வேண்டும். கையைச் சற்றுத் தாழ்த்தியபடியே பிடித்துப் பாருங்கள். பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடும், விசை குறையும், உள்ளங்கை எரியாது.