சாவி யார் கையில?

விழாத் தலைவர் அவர்களே, டியூட்டிக்கு நடுவுல வந்திருக்குற தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி வரைக்கும் எல்லாருக்கும் வணக்கம். யாரையாச்சும் விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க, போன வருஷம் பொருளாளரை விட்டுட்டேன், மனுஷன் ஒரு மாசம் என்கிட்ட பேசல.

1944 ஏப்ரல் 14, பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சப்போ 66 தீயணைப்பு வீரர்கள் உயிரை விட்டாங்க, அவங்க நினைவாத்தான் இந்தத் தீயணைப்பு வாரமே. நான் மூணு விஷயம் பேசப்போறேன்: சாவி, வயரிங், புகை. முதல்ல சாவி. வீடு பத்தி எரியறப்போ கிணறு வெட்டாதடான்னு எங்க அப்பத்தா சொல்லும்.

எங்க அக்கா பொண்ணைச் சேர்க்க ஒரு ஹாஸ்டலுக்குப் போனேன். எது எந்த ஊர்னு கேக்காதீங்க. தீயணைப்பான் எங்கம்மான்னேன். "ஆபீஸ் ரூம்ல பத்திரமா பூட்டி வச்சிருக்கோம் சார்"னாங்க வார்டன். சாவி? வாட்ச்மேன்கிட்ட. வாட்ச்மேன்? டீ குடிக்கப் போயிருக்காரு. சரின்னு உக்காந்தேன், வாட்சைப் பாத்துக்கிட்டே, 22 நிமிஷம். வந்தாரு, இடுப்புல ஒரு கொத்து சாவி, ஒண்ணுலயும் நம்பர் கிடையாது, ஒண்ணொண்ணா போட்டுப் பாக்குறாரு, இது மாடி, இது சமையல்கட்டு, இது எதுன்னே தெரியலன்னு ஓரமா வைக்கிறாரு. கடைசியா திறந்தா, கதவு சாத்திக்காம இருக்க அந்த சிலிண்டரை முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க! பிரஷர் காட்டுற முள்ளு சிவப்புல நிக்குது, அமுக்கினாலும் ஒண்ணும் வராது. வாட்ச்மேன் பெருமையா சொல்றாரு, "புதுசு சார், ஒரு தடவைகூட யூஸ் பண்ணல."

சிரிச்சிட்டீங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில கீத்துக் கொட்டகை பத்துனப்போ உள்ள இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியில கட்டியிருந்தாங்க, 28 பேர் போயிட்டாங்க. 2012 பிப்ரவரி 14 ராத்திரி ஹோண்டுராஸ் நாட்டுல கொமயாகுவா ஜெயில், 500 பேருக்குக் கட்டுன இடத்துல 800க்கு மேல அடைச்சு வச்சிருந்தாங்க, செல் கதவைத் திறக்க ஆள் வரல, செத்தது 350க்கு மேல. அங்க இருந்த கைதிகள்ல பாதிக்கு மேல தண்டனையே ஆகாதவங்க.

ஜெயில்ல கதவைத் திறந்து போட முடியாது, ஒத்துக்கறேன். அப்போ சோதனைக்கு வர்ற ஆபீசர் எத்தனை சிலிண்டர் தொங்குதுன்னு எண்ணிட்டுப் போனா போதுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு, சொல்லாம கொள்ளாம வந்து, மணி அடிச்சதுல இருந்து கடைசி பூட்டு திறக்குற வரைக்கும் எத்தனை நிமிஷம்னு கணக்கெடுக்கணும். ஜெயில், ஹாஸ்டல், முதியோர் இல்லம், மனநலக் காப்பகம் எல்லாத்துலயும். இதுக்குத்தான் ரெண்டு வருஷமா மனு குடுக்குறேன், பட்டப்பகல்ல போட்டோவுக்கு டிரில் நடத்துறாங்களே, அது, திரும்பச் சொல்றேன், பத்தி எரியறப்போ வெட்டுற கிணறுதான்.

ரெண்டாவது வயரிங்... தலைவர் சீட்டு அனுப்பிட்டாரு. சரி சரி. மனு வாசல் டேபிள்ல இருக்கு, 140 கையெழுத்து ஆச்சு, பேனா கயித்துல கட்டியிருக்கு, யாரும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.