ரெண்டு மத்யமம்: டோனி ஐயோமியும் என்னியோ மோரிக்கோனேயும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ரெண்டு பேர். ஒருத்தர் பிளாக் சப்பாத்ங்கிற ஹெவி மெட்டல் ராக் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி. இன்னொருத்தர் இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே. ரெண்டு பேரும் இல்லாததை வச்சே ஒரு சத்தத்தை உண்டாக்கினவங்க.

முதல்ல ஐயோமி. 1948ல பர்மிங்ஹாம்ல பிறந்தவர். இடது கைக்காரர், அதனால கம்பியை அழுத்துறது வலது கை. 17 வயசுல ஒரு தகர ஃபேக்டரில, வேலையோட கடைசி நாள், மெஷின்ல மாட்டி வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டுக்கும் நுனி போயிடுச்சு.

அவர் என்ன பண்ணார்னா, பாத்திரம் கழுவுற லிக்விட் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டை பிடிச்சார். சூடான சால்டரிங் அயர்னால விரல் நுழையுற அளவுக்குக் குழி போட்டு, உப்புத்தாள்ல தேய்ச்சு, விரலுக்குத் தொப்பி மாதிரி ஆக்கினார். ஆனா வெறும் பிளாஸ்டிக் கம்பி மேல நிக்காது, வழுக்கும். அதனால பழைய ஜாக்கெட்டோட தோலை வெட்டி மேல ஒட்டினார். புதுத் தோல் கம்பியைக் கவ்விப் பிடிக்கும், ஸ்லைடு பண்ண விடாது. தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளப்பு வந்தாத்தான் வேலைக்கு ஆகும். தொப்பிக்குள்ள தொடு உணர்ச்சி கிடையாது, அதனால எவ்வளவு அழுத்துறோம்னு காதாலதான் கண்டுபிடிக்கணும்.

அடுத்த சிக்கல் கம்பி. அப்போ கடையில கிடைச்சது எல்லாம் தடிமன். அதைவிட மெல்லிசான பாஞ்ஜோ கம்பியை வாங்கி மாட்டிப் பார்த்தார். 1971ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல இன்னும் ஒரு படி போய், சில பாட்டுக்கு மொத்த கிட்டாரோட சுருதியையும் மூணு அரைசுரம் (ஒரு அரைசுரம்னா கிட்டார்ல ஒரு கட்டை தூரம்) கீழ இறக்கிட்டார். ஈ கம்பி சி ஷார்ப் ஆயிடும். கம்பியோட இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்தைப் பொறுத்தது. மூணு அரைசுரம் இறக்கினா இழுவிசை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். விரலுக்கு அவ்வளவு சுகம், சத்தமும் கனமாகுது.

நீங்க வீட்டுல இதைச் செய்யும்போது ஒண்ணு கவனிங்க. மெல்லிய கம்பியை அப்படியே இறக்கினா தொளதொளன்னு ஆகி ஃப்ரெட்ல, அதாவது கழுத்துல இருக்குற உலோகக் கட்டைகள்ல, மோதிக் கரகரக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே சுருதி மேல ஏறிடும். அதுக்காகத் தடிமனான கம்பிக்குப் போனீங்கன்னா நட்டுல (கழுத்தோட மேல் முனையில கம்பி உட்கார்ற துண்டு) இருக்குற பள்ளத்தை அகலமாக்கணும், பிரிட்ஜ்ல (கீழ்முனையில கம்பியைத் தாங்குற பாகம்) இன்டோனேஷனையும், அதாவது ஒவ்வொரு கட்டையிலயும் சுருதி சரியா வர்றதையும், திரும்ப செட் பண்ணணும். இதை விட்டுட்டு "டியூனிங் நிக்கவே மாட்டேங்குது"ன்னு பலரும் கிட்டாரைத்தான் குறை சொல்றாங்க.

1970ல வந்த பிளாக் சப்பாத்தோட முதல் ஆல்பத்துல முதல் பாட்டைக் கேளுங்க, அதுக்கும் பேர் 'பிளாக் சப்பாத்'தான். அது சாதாரண டியூனிங்தான். ஜி, மேல் ஜி, அப்புறம் சி ஷார்ப். நம்ம ஸ்வரத்துல ச, மேல் ச, பிரதி மத்யமம் (ரெண்டு ம-ல உயரமானது). மூணே சுரம், அதுலயே அந்தப் பயம் வந்துடுது.

சரி, மோரிக்கோனே. 1928ல ரோம்ல பிறந்தார். அப்பா டிரம்பெட் கலைஞர், இவரும் டிரம்பெட். ரோம்ல இருக்குற சாந்தா செசிலியா இசைக் கல்லூரில, இசையமைப்பாளர் பெட்ராசிகிட்ட முறையா காம்போசிஷன் படிச்சவர். 1964ல, சின்ன வயசுல கூடப் படிச்ச டைரக்டர் செர்ஜியோ லியோனே எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்'ங்கிற கௌபாய் படத்துக்கு இசை. பட்ஜெட் சின்னது, பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு வழியில்லை. அதனால விசில், சாட்டையடி, மணி, எலக்ட்ரிக் கிட்டார். அந்த விசில் அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனியோடது, அவரே ஒரு கிட்டாரிஸ்ட். விசிலுக்கு அடியில தந்தி வாத்தியங்களோட நீண்ட சுரங்கள் போர்வை மாதிரி விரியாததாலதான் அந்த வெட்டவெளி காதுல தெரியுது.

லியோனேயோட 1966 படம் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. அதோட தீம் இன்னும் சிக்கனம். ஏ, டி, ஏ, டி, ஏ. அதாவது ச-ம-ச-ம-ச, இங்க சுத்த மத்யமம், ரெண்டு ம-ல தாழ்வானது. ஓநாய் ஊளையிடுற மாதிரி இருக்கும். மூணு கதாபாத்திரம், அதே சுரம்தான், ஆனா ஒருத்தருக்குப் புல்லாங்குழல், ஒருத்தருக்கு ஒகரினா (களிமண்ல செஞ்ச சின்ன ஊதுகருவி), ஒருத்தருக்கு மனுஷக் குரல். படத்தை மறுபடி பார்க்கும்போது ஆளைப் பார்க்காம அந்தச் சத்தத்தை மட்டும் கவனிச்சு யாருன்னு சொல்லிப் பாருங்க.

லியோனேயோட 1968 படம் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்'டுக்கு ஷூட்டிங்குக்கு முன்னாடியே இசை தயார். செட்ல அதை ஓடவிட்டுத்தான் லியோனே நடிகர்களை நடக்க வச்சார். மோரிக்கோனேவுக்குப் போட்டிப் பிரிவுல ஆஸ்கர் கிடைச்சது 2016ல, 87 வயசுல. எனக்கு அது ரொம்பத் தாமதமாத்தான் படுது. 2020 ஜூலை 6 ரோம்ல காலமானார்.

ஐயோமியோட ரிஃப்களை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்குகளை) கேட்டு வளர்ந்த மெட்டாலிக்காங்கிற அமெரிக்க மெட்டல் பேண்ட், 1980கள்ல இருந்தே கச்சேரியைத் தொடங்குறது மோரிக்கோனேயோட அந்த 1966 படத்து இசை டேப்போடதான். அடுத்து அவங்க லைவ் வீடியோ பார்க்கும்போது முதல் நிமிஷத்தை ஓட்டிடாம கேளுங்க.