ஃபேர்னஸ் சேர்விஸ்: காபன் மொனொக்சைட் எங்கே பிறக்கிறது, எப்படி அளப்பது?

[காட்சி: பேஸ்மென்ட் அறை. இடப்பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் பூட்டிய, வீட்டைச் சூடாக்கும் புதிய ஃபேர்னஸ். வலப்பக்கம் தகரப் புகைக்குழாயுடன் சுடுதண்ணீர் டாங்க்.]

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பல வீடுகளின் பேஸ்மென்டில் இந்த இரண்டும் அருகருகே நிற்கும். இரண்டும் இயற்கை எரிவாயுவில்தான் எரிகின்றன. ஆனால் இடப்பக்கத்து ஃபேர்னஸ், எரியத் தேவையான காற்றை ஒரு குழாயால் வெளியிலிருந்து எடுத்து, கழிவு வாயுவை மற்றக் குழாயால் விசிறி கொண்டு வெளியே தள்ளுகிறது. டாங்க்குக்கு விசிறி கிடையாது. அது அறைக் காற்றையே எடுத்து எரிகிறது. சூடான வாயு தானாக மேலெழுந்து புகைபோக்கியால் போக வேண்டும். ஃபேர்னஸைத் துடைத்துவிட்டு டாங்க்கைத் திரும்பியும் பார்க்காமல் போகிற சேர்விஸ், பாதி சேர்விஸ்தான்.

[காட்சி: பேர்னர் தீ, நெருக்கமாக.]

ஒரு கன அடி எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன அடி காற்று வேண்டும். காற்று குறைந்தாலும், காஸ் அழுத்தம் கூடினாலும், தீ குளிர்ந்த உலோகத்தில் உரசினாலும் எரிதல் பாதியில் நின்றுவிடும். அப்போதுதான் காபன் மொனொக்சைட் பிறக்கிறது. இதற்கு மணம் இல்லை. நமக்குத் தெரிந்த காஸ் மணம், எரியாத எரிவாயுவுடன் கலந்துவிடும் பொருளின் மணம். "மணக்கவில்லையே" என்று யாராவது சொன்னால், காபன் மொனொக்சைட்டைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

"தீ நீலமாகத்தானே எரிகிறது" என்பதும் போதாது. மஞ்சள் தீ கெட்ட அறிகுறி, உண்மை. ஆனால் நீலத் தீயிலிருந்தும் ஆபத்தான அளவு வரலாம். நிறத்தைப் பார்த்து எண்ணைச் சொல்ல எந்தக் கண்ணாலும் முடியாது. அளக்கத்தான் வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருவது போன்ற உணர்வு; குளிர்காலத்தில் இதைச் சளிக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்வார்கள். வெளியே போனால் சுகமாகி, வீட்டுக்குள் வந்ததும் திரும்ப வந்தால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தால், சந்தேகப்படுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை நம்பாதீர்கள். இரத்தத்தில் இருப்பது ஒட்சிசனா, காபன் மொனொக்சைட்டா என்று அதனால் பிரித்தறிய முடியாது. நஞ்சு ஏறிய ஆளுக்கும் 98 சதவீதம் காட்டும்.

[காட்சி: டெக்னீஷியன் வீட்டு வாசலில், சட்டைப் பையில் சிறிய காபன் மொனொக்சைட் மானி.]

இந்த மானி வெளிக்காற்றிலேயே ஓனாக வேண்டும். அங்கே பூச்சியம் காட்டிய பிறகு உள்ளே வந்து, ஃபேர்னஸின் கதவைத் திறக்கும் முன் அறைக் காற்றைப் பார்க்க வேண்டும். வீட்டுக் காற்றுக்குக் கனடாவின் சுகாதாரத் துறை சொல்லும் வரம்பு ஒரு மணித்தியாலத்துக்கு 25 பி.பி.எம். (பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்கு), 24 மணித்தியாலத்துக்கு 10. உள்ளே வந்தவுடனேயே அதற்கு மேல் காட்டினால் சேர்விஸை மறந்துவிட்டு, முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

[காட்சி: ஃபேர்னஸின் முன்கதவு கழற்றப்படுகிறது. ரோல் அவுட் சுவிட்சின் சிறு பொத்தானுக்கு அம்புக்குறி.]

தீ பேர்னர் பெட்டியை விட்டு வெளியே நாக்கு நீட்டினால் இந்த சுவிட்ச் விழும். பொத்தானை அழுத்தினால் ஃபேர்னஸ் திரும்ப ஓடும். பிழை அங்கேதான் நடக்கிறது. இது சும்மா விழாது: ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதி) அடைத்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், புகைவழி மறிபட்டிருக்கலாம். காரணம் தெரியாமல் அழுத்தக்கூடாது. புகைவாயு ஒழுங்காக வெளியே போகிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்சுக்கும் இதே கதைதான். பிழை தேடும்போது அதன் இரண்டு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், வெளிக்குழாயைப் பனி மூடினாலும் ஃபேர்னஸுக்குத் தெரியாது.

காஸ் அழுத்தத்தை, வாயு அழுத்தம் அளக்கும் மானோமீற்றரால் பார்க்க வேண்டும். இயற்கை எரிவாயுவுக்குப் பெரும்பாலும் 3.5 அங்குல நீர் அழுத்தம். சரியான எண் ஃபேர்னஸின் தகட்டிலேயே இருக்கும். "சூடு காணாது" என்று வீட்டுக்காரர் சொன்னதற்காக காஸ் அழுத்தத்தின் திருகைக் கூட்டுவது, காபன் மொனொக்சைட்டைக் கூட்டுவதுதான். சூடு காணாமல் போக அதிகம் காரணமாவது அடைத்த ஃபில்டர். அது காற்றோட்டத்தைக் குறைத்து ஹீட் எக்ஸ்சேஞ்சரை அளவுக்கு மீறிக் காய்ச்சும். வருடக்கணக்கில் இப்படிக் காய்ந்த உலோகம் விரிசல் விடும்.

[காட்சி: புகைவாயுவை அளக்கும் அளவியின் திரை. ஒட்சிசன் 8 சதவீதம், காபன் மொனொக்சைட் 60 பி.பி.எம்.]

ஃபேர்னஸ் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் போன பிறகுதான் புகைவாயுவின் எண்ணை எழுத வேண்டும். திரையில் 60 என்று இருப்பதை அப்படியே எழுதக்கூடாது, ஏனென்றால் கூடுதல் காற்று கலந்து எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது. கணக்கு இது: 60ஐ 20.9ஆல் (வெளிக்காற்றின் ஒட்சிசன் சதவீதம்) பெருக்கி, 20.9இலிருந்து 8ஐக் கழித்து வரும் 12.9ஆல் வகுத்தால், 97. காற்று நீக்கிய அளவு இதுதான். ஃபேர்னஸ்களின் தரவிதி 400 வரை அனுமதிக்கிறது. ஆனால் ஒழுங்காக எரியும் ஃபேர்னஸ் 100க்குக் கீழேதான் நிற்கும். 250ஐப் பார்த்து "வரம்புக்குள் இருக்கிறது" என்று மூடிவிட்டுப் போவதை நாங்கள் ஏற்கமாட்டோம். எண் நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், அது எந்த எண்ணானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

தீ பற்றிக் கொஞ்ச நேரத்தில், சூடான காற்றை வீட்டுக்குள் அனுப்பும் புளோவர் ஓடத் தொடங்கும். அந்தக் கணத்தில் கண் தீயிலும் அளவியிலும் இருக்க வேண்டும். தீ ஆடினால், அல்லது ஒட்சிசன் எண் சட்டென்று மாறினால், புளோவரின் காற்று எரியும் அறைக்குள் புகுகிறது என்று பொருள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசலைத் தேட இது நல்ல தடயம்.

[காட்சி: சுடுதண்ணீர் டாங்க்கின் உச்சி. புகைக்குழாய்க்கும் டாங்க்குக்கும் இடையிலுள்ள இடைவெளி.]

இப்போது டாங்க். பழைய ஃபேர்னஸும் இதுவும் முன்பு ஒரே புகைபோக்கியைப் பங்கு போட்டவை. புது ஃபேர்னஸ் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறியதும், பெரிய புகைபோக்கியில் இந்தச் சின்ன டாங்க் தனித்துவிட்டது. அதன் சூடு அவ்வளவு பெரிய குளிர்ந்த புகைபோக்கியை நிரப்பப் போதாது; வாயு நடுவழியில் குளிர்ந்து திரும்பும், ஈரம் செங்கலை அரிக்கும். உள்ளே டாங்க்குக்கு அளவான லைனர் (உட்குழாய்) இறக்குவதுதான் வழி. ஃபேர்னஸ் மாற்றும்போது இதற்கும் விலை கேட்டு வாங்குங்கள்.

சோதனை: ஜன்னல், வெளிக்கதவு எல்லாம் பூட்டுங்கள். சமையலறை ஃபான், குளியலறை ஃபான், உடுப்பு ட்ரையர், ஃபேர்னஸின் புளோவர் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். பிறகு டாங்க்கைப் பற்றவைத்து, அந்த இடைவெளியில் புகைக்குச்சியைப் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால், வீட்டின் ஃபான்கள் புகைபோக்கியைத் தலைகீழாக்கிவிட்டன. நம்மூர்ச் சமையலுக்காகப் பூட்டும் பெரிய ஹூட் ஃபான்கள் இதை இலகுவாகச் செய்துவிடும்.

இதே காரணத்தால்தான் புளோவர் கதவும் முக்கியம். கதவைக் கழற்றினால் ஃபேர்னஸ் நிற்பதற்கு உள்ளே ஒரு சுவிட்ச் உண்டு. அதில் டேப் ஒட்டிவிட்டுக் கதவில்லாமல் ஓடவிட்டால், புளோவர் அறைக் காற்றை உறிஞ்சும். டாங்க்கின் புகை கீழே இறங்கும். அதே புளோவர் அதை ஒவ்வொரு படுக்கையறைக்கும் அனுப்பும்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடும் வீடுகளில் இன்னொன்று பார்க்கிறோம். ஃபேர்னஸ் அறைக்குள் வெளிக்காற்று வர ஒரு குழாய் இருக்கும். குளிர் வருகிறதென்று அதற்குள் பழைய துணியை அடைத்துவிடுகிறார்கள். அது டாங்க் எரியத் தேவையான காற்று. தயவுசெய்து துணியை எடுத்துவிடுங்கள்.

[காட்சி: வீட்டின் பக்கச் சுவர். பனிக்குவியலுக்கு மேலே இரண்டு வெள்ளைக் குழாய்கள்.]

வெளிக்குழாய் வாய் தரையிலிருந்து குறைந்தது 300 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். பனி குவியும் இடமென்றால் பனிக்கு மேலே. நடைபாதைப் பனியை இந்தப் பக்கம் வாரிக் கொட்டாதீர்கள்.

[காட்சி: காபன் மொனொக்சைட் அலாம். பின்புறத்தில் அச்சிட்ட திகதி.]

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாம் இல்லை. அவர்கள் பெயர் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறியது. 2026 ஜனவரி 1 முதல், எரிபொருளில் ஓடும் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு தளத்திலும் அலாம் வேண்டும்.

அலாம் அவசரத்துக்கான கருவி. 70 பி.பி.எம்.மில் அது அடிக்க ஒன்றிலிருந்து நான்கு மணித்தியாலம் வரை எடுக்கலாம். 400இல் நான்கிலிருந்து பதினைந்து நிமிடம். 30இல் பேசாமல் இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதனால் அலாம் அடிக்காத வீட்டையும் அளக்க வேண்டும். அடித்துவிட்டால் காரணம் தேடி பேஸ்மென்டுக்கு இறங்க வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்தே 911ஐக் கூப்பிடுங்கள்.

[காட்சி: காஸ் வால்வில் கட்டிய சிவப்பு டாக் (எச்சரிக்கை அட்டை).]

சேர்விஸுக்கு வருபவரின் ஜீ2 அல்லது ஜீ1 அட்டையை (காஸ் வேலைக்கான தகுதி அட்டை) கேட்டுப் பாருங்கள், கம்பனி ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். அளவியின் எண்களை எழுத்தில் வாங்குங்கள். உடனடி ஆபத்தென்றால் அவர் 'ஏ' டாக் கட்டி காஸை மூடுவார். உடனடி ஆபத்தில்லாத பிழைக்கு 'பி' டாக். திருத்த அதிகபட்சம் 45 நாள். 'ஏ' டாக் கட்டிய வால்வை, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் திறக்க வைக்காதீர்கள். அந்த இரவுக்கு மின்சார ஹீட்டர் வாங்கி, நீட்டிப்பு வயரில் கொழுவாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில் கொழுவுங்கள். காஸ் ஓவனைத் திறந்து வைப்பதோ, கரி பாபகியூவை உள்ளே கொண்டுவருவதோ வேண்டாம். மூடிய ஃபேர்னஸிலிருந்து வராமல் தடுத்த அதே வாயு, இவற்றிலிருந்து வரும்.