கட்டடத்துக்கு உயிர் இருக்கா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளி, ஆள் வருவதைச் சென்சாரால் உணர்ந்து அசைகிற கட்டடங்களைப் பற்றியது. அதைப் பார்த்துவிட்டுக் கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "உணர்கிற கட்டடம் என்கிறீர்களே, அதுக்கு உயிர் இருக்கா? அதிலுள்ள அத்தனை சென்சாரும் அனுப்புவதை எந்த மென்பொருளில் வரைந்து பார்ப்பது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மென்பொருள் சின்ன விஷயம். 'புரொசெசிங்' (Processing) என்று ஒன்று இருக்கு, நிரல் எழுதிப் படம் வரைகிறது. இலவசம், போதும்.

உயிர் இல்லை, தங்கச்சி. 2010இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில், கனடா அரங்கில் பிலிப் பீஸ்லி என்கிற கட்டடக்கலைஞர் ஒரு காட்டையே தொங்கவிட்டார், அக்ரிலிக் இலைகளால். ஆள் கிட்டப் போனால் சென்சார் கண்டுகொள்ளும். உடனே ஒரு கம்பியில் மின்சாரம் பாயும். அது நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி, சூடானால் சுருங்கும், ஆறினால் பழையபடி நீளும். அது இழுக்க இலை மடங்கும். நம்மட தொட்டாச்சுருங்கிதான். ஆனால் தொட்டாச்சுருங்கிக்கு ஓரறிவாவது உண்டு, இதுக்கு அதுவும் இல்லை. அழகு எங்கே என்றால், ஒரு இலையின் அசைவு அடுத்த இலைக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பழைய ஆட்களுக்குக் காது புளித்திருக்கும்: சென்சார் அனுப்புவதை வரையும்போது எண்களைக் காட்டாதே, இடத்தைக் காட்டு.

கல்லடியில் எங்கள் வீட்டில் ஐந்து பீஐஆர் சென்சார் பூட்டியிருந்தேன். சூடான உடம்பு முன்னால் நகர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும். மறுநாள் எக்செலில் பார்த்தால், இரவு இரண்டு மணிக்குப் பிறகு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நூல்கண்டு மாதிரிக் கிடந்தன. கள்ளன்தான் என்று அன்று இரவு டோர்ச்சோடு முழித்திருந்தேன். கொட்டாவிதான் மிச்சம். அப்புறம் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, சென்சார் இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். ஆள் நடமாடினால் புள்ளி பளிச்சென்று எரியும், பிறகு மெல்ல மெல்ல மங்கும். முதல் இரவின் தரவை அதில் ஓட்டினேன். குசினி, விறாந்தை, நடு அறை என்று வரிசையாகப் பற்றிக்கொண்டு போய் அம்மம்மாவின் அறையில் நின்றது. பக்கத்தில் இருந்து பார்த்த அம்மம்மா சொன்னா: "நம்மட பூனைதான் மனே. குசினி யன்னலால வந்து என்ட கட்டிலுக்குக் கீழ படுக்கும்."

கோட்டிலும் அதே தரவுதான் இருந்தது. எது எதுக்குப் பக்கத்தில் என்பதுதான் அதில் இல்லை.

நீங்கள் இன்னொன்றையும் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்: சென்சாரை எங்கே பூட்டக்கூடாது? பூனையைக் கண்டுபிடித்த அம்மம்மா அடுத்த நிமிஷமே கேட்டா, "அப்ப நான் ராவைக்கு எத்தின தரம் எழும்புறன் எண்டும் இதுல தெரியுமா?" தெரியும் என்றேன். அன்று பின்னேரமே அந்த அறைச் சென்சாரைக் கழற்றிவிட்டேன். இப்போது பூனை நடு அறை வரைக்கும் வரும், அதுக்குப் பிறகு படத்தில் ஒன்றும் எரியாது.