கழுதை முதுகில் பொங்கிய மாவு, அமெரிக்காவுக்குக் கிடைத்த பூங்காத் துறை

வணக்கம் நண்பர்களே! ஒரு அரசுத் துறை தொடங்க என்ன வேண்டும்? சட்டம், பணம், ஆள்பலம் என்பீர்கள். இன்றைய கதையில் ஒரு கோவேறு கழுதையும் கொஞ்சம் புளித்த மாவும் வருகின்றன. நகராமல் பாருங்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் 1872-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. ஆனால் பூங்காக்களுக்கென்று தனித் துறை இல்லை. 1886 முதல் யெல்லோஸ்டோனைக் காவல் காத்தது ராணுவம். வெண்காரம் விற்றுக் கோடீஸ்வரரான ஸ்டீபன் மேதர், பூங்காக்கள் கிடக்கும் கிடப்பைப் பற்றி உள்துறைச் செயலர் ஃபிராங்க்ளின் லேனிடம் புகார் சொன்னார். "பிடிக்கவில்லையென்றால் நீங்களே வந்து நடத்துங்கள்" என்கிற தொனியில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். மனிதர் வந்துவிட்டார்!

(திரையில்: சியெரா நெவாடா மலைகள்)

1915 ஜூலை. பூங்காக்களுக்குத் தனித் துறை வேண்டும் என்பதற்கு ஆதரவு சேர்க்க, செல்வாக்குள்ள ஆட்களைத் திரட்டி இரண்டு வாரம் மலைக்குக் கூட்டிப்போகிறார் மேதர். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிரெடரிக் ஜில்லெட், நேஷனல் ஜியாகிரஃபிக் ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னர், ஒரு ரயில்வே உயரதிகாரி என்று பெரிய தலைகள். செலவு மேதருடையது.

இப்போதுதான் என் கதாநாயகர் வருகிறார். டை சிங். சீன வம்சாவளிக்காரர், நில அளவைக் குழுக்களுக்குச் சமைத்துப் பழகியவர். காலையில் ரொட்டி மாவைப் பிசைந்து கழுதை மேல் கட்டிவிடுவார். நாள் முழுக்க அது மலையேற, உடம்புச் சூட்டில் மாவு பொங்கும். சாயங்காலம் முகாம் போட்டதும் சுடச்சுட ரொட்டி! இறைச்சி கெடாமலிருக்க ஈரச் செய்தித்தாளில் சுற்றிவைப்பார். நம் மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தந்திரம்தான், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இதெல்லாம் போக, நடுக்காட்டில் மேசை விரிப்பு வேறு! இப்படிச் சாப்பிட்டவர்கள் பூங்காவுக்கு எதிராக ஓட்டுப் போடுவார்களா, சொல்லுங்கள்.

சரி, ஊர் திரும்பினார்கள். 1916 ஏப்ரலில் குரோவ்னர் ஒரு இதழையே அமெரிக்காவின் இயற்கை அழகுக்கு ஒதுக்கினார். ஆகஸ்ட் 25 அன்று அதிபர் வில்சன் கையெழுத்திட, தேசியப் பூங்காத் துறை பிறந்தது. முதல் இயக்குநர் மேதர். 1917-இல் அவர் மனச்சோர்வில் விழுந்தபோது 27 வயது ஹொரேஸ் ஆல்பிரைட் துறையைத் தாங்கிப் பிடித்தார். அது தனி வீடியோவுக்கான கதை.

எனக்கு ஒரு நெருடல் மட்டும் உண்டு. விளம்பர அதிகாரியின் சம்பளத்தை மேதர் சொந்தப் பணத்தில் கொடுத்தார். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் டியோகா சாலையை வாங்கவும் தன் கைக்காசைப் போட்டார். நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அரசு வேலை ஒருவரின் பர்ஸை நம்பி நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்து வரும் பணக்காரர் காட்டையா பார்ப்பார், கட்டப்போகும் ஹோட்டலையா?

மறுபடி டை சிங்கிடம் வருவோம். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதை 1882-லிருந்தே சட்டம் தடுத்துவைத்திருந்த காலம் அது. அந்தத் தடை 1943 வரை நீங்கவில்லை. அதே நாட்டில், யோசெமிட்டியில், பத்தாயிரம் அடிக்கு மேல் நிற்கும் ஒரு மலைக்கு சிங் சிகரம் என்று பெயர். அந்தப் பெயர் 1899-லேயே வைத்தது, மேதர் வருவதற்கு முன்பே!

குளிர்காலத்தில் எங்கள் அம்மா இட்லி மாவை ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் வைப்பார். கழுதை இல்லாத உங்கள் வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள்.