கர்த்தர் ஆசீர்வதிப்பாருன்னு சொன்னா நாம என்னங்க சொல்றது

வானொலி கேட்டுக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ரிட்டயர்டு போஸ்ட்மேன், மதுரையில 31 வருஷம் தபால் குடுத்தவன், அதுல பாதி வருஷத்துக்கு மேல கீழவாசல் பக்கம்தான் என் பீட்டு, அதாவது நான் தபால் குடுக்குற ஏரியா. அந்தப் பக்கம் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், மரியன்னை கோவில் ஒரு பக்கம், மிஷன் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், நடுவுல சந்துசந்தா வீடுங்க, அதுல ஆர்சிங்கற கத்தோலிக்க வீடு, சிஎஸ்ஐங்கற தென்னிந்திய திருச்சபை வீடு, பெந்தெகொஸ்தே வீடு, நம்ம வீடு, பாய் வீடுன்னு எல்லாம் கலந்து கெடக்கும். என்னைய பேச கூப்பிட்டப்போ தபால் கதை ஏதாச்சும் சொல்லுங்கன்னுதான் சொன்னாங்க, நான்தான் இல்லங்க எனக்கு வேற ஒண்ணு சொல்லணும், கிறிஸ்தவங்க வாழ்த்தும்போது நாம எப்பிடி பதில் சொல்றதுன்னு பேசுறேன்னேன், அவங்களும் சரின்னுட்டாங்க.

இது ஒரு பெரிய விசயமான்னு தோணும். எனக்கு பெருசாத்தான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு இருபது முப்பது வீட்ல "கர்த்தர் ஆசீர்வதிப்பாரு தம்பி", "காட் பிளஸ் யூ", "ஸ்தோத்திரம்"னு சொல்லுவாங்க, நான் பதிலுக்கு "ம்", "சரிங்க", "வரேங்க"ன்னு சொல்லிட்டு சைக்கிள மிதிச்சிருவேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. கையில லட்டு குடுத்தவங்ககிட்ட ரசீது வாங்குன மாதிரி தலைய ஆட்டிட்டு போயிருக்கேன்.

ஒரு டீச்சரம்மா இருந்தாங்க, பேரு வேணாம், ஸ்கூல்ல கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவங்க, சிஎஸ்ஐ காரவுங்க. மகன் பம்பாயில. மாசம் பொறந்து ஒரு வாரத்துக்குள்ள மணியார்டர் வரும். கண்ணு சரியா தெரியாது, அதனால மணியார்டர் ஃபாரத்துக்கு அடியில நாலு வரி எழுதுறதுக்கு ஒரு கூப்பன் இருக்கும்ல, அத நான்தான் படிச்சு காட்டணும். "அம்மா நலமா, மருந்து வாங்கிக்கோ, தீபாவளிக்கு லீவு கெடைக்கல". அம்புட்டுத்தான் இருக்கும். அத ரெண்டு தடவ படிக்க சொல்லுவாங்க. அப்புறம் கையெழுத்த போட்டு, ரூபாய எண்ணி, முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, நின்னு நெதானமா "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக தம்பி"ம்பாங்க. வாசப்படியில நின்னுக்கிட்டு சொல்ற அந்த "ஆராக" இருக்கே, அதுல ஒரு அழுத்தம் இருக்கும், பேச்சுவழக்குல நாம யாரும் அப்பிடி பேசமாட்டோம்ல, புஸ்தகத்துல இருந்து எடுத்து கையில குடுக்குற மாதிரி.

ஒரு நாளு எனக்கு நேரம் சரியில்ல. காலையில ஆபீஸ்ல சத்தம், வெயிலு, செருப்பு வாரு வேற அறுந்து போச்சு. அவங்க வழக்கம்போல சொன்னாங்க, நான் பட்டுன்னு "எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க டீச்சர், நாங்க சாமி கும்பிடுறவங்க"ன்னுட்டேன். அவங்க ஒண்ணுமே சொல்லல. கதவு நெலையில சாஞ்சு நின்னுக்கிட்டு "சரி தம்பி, பாத்து போங்க, வெயிலா இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான். அன்னைக்கு பூரா எனக்கு தபால் கட்டு கனத்துச்சு.

வீட்ல போய் ஆத்தாகிட்ட சொன்னேன். எங்க ஆத்தா எழுத படிக்க தெரியாது. கேட்டுட்டு, "ஏன்டா, வாசல்ல பூசாரி வந்து விபூதிய நீட்டுனா, நீ எந்த கோயிலு எந்த சாமின்னு வெவரம் கேட்டுட்டா நெத்திய காட்டுற? ஒரு வயசானவ நல்லா இருன்னு சொல்லிருக்கா, அது ஒனக்கு கசக்குதா"ன்னு ஒரு போடு போட்டுச்சு. மறுமாசம் மணியார்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாம, ஒரு தபாலும் இல்லாத நாள்ல சும்மாவே போய் நின்னேன். மன்னிப்பு கேக்கவும் வாய் வரல. அவங்களே காப்பி போட்டு குடுத்தாங்க.

அப்பத்தான் நானே கேட்டேன், டீச்சர் நீங்க அப்பிடி சொன்னா நான் என்ன சொல்லணும்னு. சிரிச்சிட்டு ஒரு கதை சொன்னாங்க. பைபிள்ல ரூத்துன்னு ஒரு ஆகமம் இருக்குங்க, சின்னது, நாலே அதிகாரம். அதுல போவாஸ்னு ஒரு பெரிய நெலக்காரரு பெத்லகேம்ல இருந்து தன் வயலுக்கு வர்றாரு, அறுவடை நடந்துக்கிட்டு இருக்கு, வந்தவரு மொத வார்த்தையா கர்த்தர் உங்களோட இருப்பாராகன்னு அறுக்குற ஆளுங்கள பாத்து சொல்றாரு, அவங்களும் அருவாள கையில வச்சுக்கிட்டே கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராகன்னு திருப்பி சொல்றாங்க. பாத்தீங்களா, மொதலாளி மொதல்ல சொல்றாரு, கூலியாளு திருப்பி ஆசீர்வாதம் பண்றான். எனக்கு நம்ம சோழவந்தான் பக்கம் கருதறுப்புதான் கண்ணுல வந்துச்சு, அங்க நெலக்காரரு வரப்புல வந்து நின்னா மொத வார்த்தை என்ன வரும்னு ஒங்களுக்கே தெரியும், அத ரேடியோவுல சொல்ல முடியாது. டீச்சரம்மா சொன்னாங்க, "தம்பி, வாழ்த்துன்னா போக்கும் வரத்தும் இருக்கணும், நீங்க உங்க வாயில எது வருதோ அத சொல்லுங்க, எங்க வார்த்தையத்தான் சொல்லணும்னு இல்ல".

என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "ஒங்க வாய்க்கு சக்கரை போடணும் டீச்சர்". அதான் நம்ம ஊரு ஆமென். உண்மையாத்தான் சொல்றேன், ஆமென்ங்கறது எபிரேய மொழி வார்த்தை, அப்பிடியே ஆகட்டும்னு அர்த்தம். அப்ப "ஒங்க வாக்கு பலிக்கட்டும்", "எல்லாம் ஒங்க வாய் முகூர்த்தம்", "ஆகட்டும்ங்க, நீங்களும் நல்லா இருக்கணும்" இது எல்லாமே அதேதான். சில பேரு நாம ஆமென் சொல்லலாமான்னு கேப்பாங்க. மனசுல இருந்து வந்தா சொல்லுங்க, யாரு தடுக்குறா, ஆனா வெளையாட்டுக்கு, சினிமாவுல காமெடியன் சொல்ற மாதிரி அல்லேலூயான்னு இழுத்து சொல்றது மட்டும் வேணாம். அதக் கேட்டு அவங்களும் சிரிப்பாங்க, உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருக்கும்.

ஸ்தோத்திரம்னா என்னமோ வேத்து வார்த்தைன்னு நெனப்போம். நம்ம வீட்ல வெள்ளிக்கிழமை படிக்கிறாங்களே அம்மன் ஸ்தோத்திரம், அதே சொல்லுதாங்க, புகழ்ச்சின்னு அர்த்தம். இந்த ஊருக்கு 1606ல இத்தாலியில இருந்து ராபர்ட் டி நொபிலின்னு ஒரு சாமியார் வந்தாரு, காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சு, தத்துவபோதகர்னு பேரே வச்சுக்கிட்டாரு. சாமிக்கு சர்வேசுரன்னு நம்மாளுங்களுக்கு புரியிற சொல்லாத்தான் சொன்னாரு. ஆர்சி காரவுங்கள்ல வயசானவங்க இன்னைக்கும் சர்ச்ச கோவில்னும் அங்க நடக்குற வழிபாட்ட பூசைன்னும்தான் சொல்றாங்க. ஃபாதர பாத்தா "தோத்திரம் சாமி"ம்பாங்க, அவரு கைய தூக்கி ஆசீர்வாதம்பாரு. அமெரிக்கன் மிஷன்காரங்க 1834ல இங்க வந்தாங்க, அந்த வழியில வந்த சிஎஸ்ஐ காரவுங்க வழிபாட்ட ஆராதனைம்பாங்க, பாஸ்டர ஆயர்ம்பாங்க, செபத்த ஜெபம்பாங்க. ஒரே தெருவுல ரெண்டு தமிழு.

இது தெரியாம நான் ஒரு தடவ மாட்டுனேன். ஆர்சி வீடுங்கள்ல ஒரு பெரியவரு "இயேசுவுக்கே புகழ்"ம்பாரு, பதிலுக்கு "மரியே வாழ்க"ன்னு சொல்லணும்னு அவரு பேரப்பிள்ளையே எனக்கு கத்துக்குடுத்துச்சு. நானும் பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். அடுத்த சந்துல ஒரு பெந்தெகொஸ்தே ஐயா, வெள்ளை சட்டை வெள்ளை வேட்டி, "பிரைஸ் த லார்டு பிரதர்"னாரு, நான் கெத்தா "மரியே வாழ்க ஐயா"ன்னுட்டேன். அவரு மூஞ்சி போன போக்க பாக்கணுமே. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சிரிச்சிட்டாரு, "போஸ்ட்மேன், லெட்டர் அட்ரஸ் மாறி வந்துருச்சு"ன்னாரு. அதுக்கப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன், அவங்கவங்க சபை வார்த்தைய அவங்கவங்ககிட்ட விட்டுட்டு, நமக்கு "நன்றிங்க ஐயா, நல்லா இருங்க" போதும். இது எந்த அட்ரஸ்லயும் டெலிவரி ஆகும்.

கல்யாணத்துக்கு போறோம், ஆர்சி கோவில்ல பூசை நடக்குது. சாமியார் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக"ன்னா எல்லாரும் "உம் ஆன்மாவோடும் இருப்பாராக"ன்னு சொல்லுவாங்க, நாம பேசாம நின்னா ஒண்ணும் தப்பில்ல, யாரும் திரும்பி பாக்கமாட்டாங்க. ஆனா நடுவுல ஒரு எடத்துல பக்கத்துல இருக்குறவரு நம்ம பக்கம் திரும்பி கைய கூப்பி "சமாதானம்"பாரு. அப்ப நாம மொபைல நோண்டிக்கிட்டு இருக்கக்கூடாதுங்க, அதுதான் ரொம்ப சங்கடம். நாமளும் கைய கூப்பி சமாதானம்னு சொல்லிட்டா முடிஞ்சுச்சு. வணக்கம் வைக்கிற கைதான, நமக்கு பழகுனதுதான.

கடவுளே இல்லைங்கற எங்க தோழர் ஒருத்தர் இருக்காரு, யூனியன்ல எங்களுக்கெல்லாம் மூத்தவரு. ஆசீர்வாதம் எல்லாம் எனக்கு ஆகாதும்பாரு. ஆனா ஒவ்வொரு மீட்டிங் முடிஞ்சும் எல்லாருக்கும் கைய ஆட்டி குட்பை சொல்லுவாரு. அந்த குட்பையே கடவுள் உன்னோட இருப்பாராகங்கற இங்கிலீஷ் வார்த்தை தேஞ்சு தேஞ்சு வந்ததுதான்னு நான் சொன்னதுல இருந்து என்கிட்ட மட்டும் "வரேன்டா"ங்கறாரு.

அப்புறம் ஒண்ணு கட்டாயம் சொல்லணும், பெரிய வெள்ளி. குட் ஃப்ரைடேன்னு பேர்ல குட்டு இருக்குறதால நம்மாளுங்க பூ படத்தோட ஹேப்பி குட் ஃப்ரைடேன்னு வாட்ஸப்ல தட்டி விட்ருவாங்க. அது இயேசு சிலுவையில செத்த நாளுங்க. 40 நாள் தவக்காலம் இருந்து, மீனு கறி விட்டு, அன்னைக்கு மத்தியானம் மூணு மணி நேரம் கோவில்ல உக்காந்து இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைய தியானம் பண்ணிட்டு வர்றாங்க, ஆர்சில அன்னைக்கு பூசையே கெடையாது, சிலுவைப்பாதையும் சிலுவை வழிபாடும்தான். எழவு வீட்டு வாசல்ல நின்னு வாழ்த்துக்கள்னு சொன்னா எப்பிடி இருக்கும். 2019ல நம்ம மதுரையில ஒரு கூத்து, ஏப்ரல் 18 வியாழக்கிழமை மீனாட்சி அம்மன் தேரு, அன்னைக்கே எலெக்சன், ராத்திரி 8 மணி வரைக்கும் ஓட்டுப்போட டைம் குடுத்தாங்க, மறுநாள் 19ந் தேதி அழகர் ஆத்துல எறங்குறாரு, அதே நாளு பெரிய வெள்ளி. எங்க தெரு குரூப்ல அழகர் வாழ்த்தும் ஹேப்பி குட் ஃப்ரைடேயும் சேந்து சேந்து விழுகுது. ஒரு கிறிஸ்தவ புள்ள மட்டும் ஒண்ணும் சொல்லாம ராத்திரி "எல்லாருக்கும் அழகர் திருவிழா வாழ்த்துகள் அண்ணே"ன்னு போட்டுச்சு. அது பெருந்தன்மைங்க.

ஆனா அந்த ரெண்டும் ஒண்ணா வந்ததுல ஆச்சரியம் இல்ல, ரெண்டுக்கும் பௌர்ணமிதான் கணக்கு. மார்ச் 21லயோ அதுக்கு மேலயோ வர்ற மொத பௌர்ணமி முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். அன்னைக்கு தாராளமா வாழ்த்துங்க. அவங்களுக்குள்ள "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"ம்பாரு. நம்மகிட்ட சொன்னா "ரொம்ப சந்தோசம்ங்க, ஈஸ்டர் வாழ்த்துகள்"னு சொன்னா போதும்.

ஆஸ்பத்திரியில வர்றதுதான் கொஞ்சம் கஷ்டமான எடம். எங்க ஆத்தா கடைசியா படுத்து கெடந்தப்போ பக்கத்து பெட்டுக்கு வந்தவங்க எங்ககிட்டயும் வந்து "ஜெபம் பண்ணலாமா"ன்னாங்க. தம்பிக்கு முகம் சுருங்குது. ஆத்தா கண்ண தெறக்காமயே "பண்ணட்டும்டா"ன்னுச்சு. ரெண்டு நிமிசம் பண்ணுனாங்க, போயிட்டாங்க. எல்லாருக்கும் அப்பிடி தோணாது, வேணாம்னு தோணுனா வேணாம்னும் சொல்லலாம், "நீங்க வீட்ல போய் எங்களுக்காக வேண்டிக்கங்க, ரொம்ப நன்றி"ன்னு சொன்னா யாரும் கோவிக்கமாட்டாங்க. நோட்டீசு குடுத்து அங்கேயே மாறச் சொல்லி வற்புறுத்துறவங்களும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்கத்தான் செய்றாங்க, நான் இல்லேங்கல. அதுக்காக நல்லா இருன்னு சொல்ற நூறு பேத்துக்கிட்ட மூஞ்சிய திருப்ப முடியுமா?

டீச்சரம்மா கதைய முடிச்சிடுறேன். ஒரு புது வருசத்துக்கு ராத்திரி ஆராதனையில குடுத்த வாக்குத்தத்த அட்டை ஒண்ண எனக்கும் வாங்கியாந்து வச்சிருந்தாங்க, வசனம் போட்ட சின்ன அட்டை. ரெண்டு கையாலயும் வாங்கி சட்டைப்பையில வச்சேன். அப்ப எனக்கு என்ன தோணுச்சோ, "டீச்சர், மீனாட்சி தாயி ஒங்கள நல்லா வச்சிருக்கணும்"னுட்டேன். சொன்னப்புறம் பக்குன்னு ஆயிடுச்சு, சொல்லிருக்க கூடாதோன்னு. அவங்க ஒரு நிமிசம் என்னைய பாத்தாங்க. அப்புறம் "ஒங்க வாய்க்கு சக்கரை போடணும் தம்பி"ன்னாங்க.

அடுத்த வருசம் மகன் வந்து பம்பாய்க்கு கூட்டிட்டு போயிட்டாரு. டிசம்பர்ல, எனக்கு தபால் வந்து எத்தனையோ வருசம் ஆச்சுங்க, ஊருக்கெல்லாம் குடுக்குறவனுக்கு யாரு எழுதுவா, என் வீட்டு பீட்டு பாக்குற பையன் காலையில தபால் பிரிக்கும்போதே "அண்ணே ஒங்களுக்கு"ன்னு ஒரு கவர மேசை மேல விட்டெறிஞ்சான். கிறிஸ்மஸ் கார்டு. உள்ள வேற யாரோ கையெழுத்துல, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக"ன்னு. அடியில அவங்க கோணல் கையெழுத்து. நான் அன்னைக்கு சாயங்காலம் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி எழுத உக்காந்தேன், ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியில, "டீச்சருக்கு வணக்கம். அட்டை கெடச்சது. எல்லாம் உங்க வாய் முகூர்த்தம், நல்லா இருக்கோம். மகன்கிட்ட சொல்லி ரெண்டு தடவ படிக்க சொல்லுங்க"ன்னு எழுதி நானே பெட்டியில போட்டேன்.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி கைய காட்டுறாரு. வரேங்க, நல்லா இருங்க எல்லாரும்.